தொழில்நுட்ப முன்னோடி ஜி.டி. நாயுடு

சுங்கை பாக்காப், பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறை மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். 19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அத்தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழர்கள் கடல் கடந்து வந்தனர். கரும்புக்குப் பின் இரப்பரும் செம்பனையும் வந்தன. அவற்றைத் தொடர்ந்து தொழிற்சாலைகளும் வந்தன. இன்று வால்டோர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் பொருள்களை நகர்த்தும் பட்டைகளையும், நீரேற்றும் பம்புகளையும், காற்றை அழுத்தும் இயந்திரங்களையும் இயக்குபவை மின்மோட்டார்களே.

பெரிய மோட்டார் ஒன்றின் அருகே சென்றால் சுவரில் ஓர் இரும்புப் பெட்டியைக் காணலாம். அதில் பச்சை நிறத்தில் ஒரு பொத்தானும் சிவப்பு நிறத்தில் ஒரு பொத்தானும் இருக்கும். தொழிலாளர் பச்சைப் பொத்தானை அழுத்துவார். பெட்டிக்குள் 'டக்' என்று ஓர் ஒலி கேட்கும். மோட்டார் மெல்ல உறுமிக்கொண்டு சுழலத் தொடங்கும். சில நொடிகள் கழித்து மீண்டும் 'டக்' என்ற ஒலி கேட்கும். அதன் பிறகே மோட்டார் தன் முழு ஆற்றலோடு ஓடும். அந்த இரண்டு ஒலிகளுக்கும் இடையில் என்ன நடக்கிறது? நாள்தோறும் பொத்தானை அழுத்துபவர்களுள் பலர் இக்கேள்வியைக் கேட்பதில்லை. ஆனால், எந்த இயந்திரத்தைக் கண்டாலும் அதனுள் என்ன நடக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாத மனிதர் ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். அவர்தான் ஜி.டி. நாயுடு.

பள்ளியை விட்ட சிறுவன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவருடைய முழுப்பெயர். 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், கோயம்புத்தூருக்கு அருகில் உள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் நிலைக்கவில்லை. தொடக்க வகுப்புகளோடு பள்ளியை விட்டு விலகி, வயலில் வேலை செய்தார். ஆயினும், அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் அவரை விட்டு விலகவில்லை. பிற்காலத்தில் தாமாகவே நூல்களைத் தேடித் தேடிப் படித்தார்.

ஒருநாள் அவ்வூர் வழியே ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் தானே ஓடும் வண்டியை இளைஞர் துரைசாமி அதுவரை கண்டதில்லை. அந்த வண்டி அவருடைய உறக்கத்தைக் கெடுத்தது. அதுபோன்ற ஒன்றை வாங்கியே தீர வேண்டும் என்று உறுதி கொண்டார். கோயம்புத்தூருக்குச் சென்று, உணவகம் ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, சில ஆண்டுகளில் 300 ரூபாய்க்கு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஊர் சுற்றுவதோடு அவர் நிறைவு அடையவில்லை. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று ஆராய்ந்தார். பிறகு, கழற்றிய வரிசைக்கு நேர்மாறாக அவற்றை மீண்டும் பொருத்தினார். வண்டி ஓடியது. அன்று முதல் அவருக்கு இயந்திரங்களே பாடநூல்களாயின.

பேருந்துத் தொழில்

பின்னர்ப் பஞ்சு வணிகத்தில் ஈடுபட்ட நாயுடு, அதில் பொருள் ஈட்டவும் செய்தார், இழக்கவும் செய்தார். வணிகத்தில் நட்டம் அடைந்து திரும்பிய அவருக்குக் கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் உதவினார். அவ்வுதவியால், பணத்தின் ஒரு பகுதியை மட்டும் முதலில் கொடுத்து, எஞ்சியதைத் தவணையில் செலுத்தும் முறையில் நாயுடு ஒரு பேருந்தை வாங்கினார். 1920ஆம் ஆண்டில் அந்தப் பேருந்து பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அதை ஓட்டியவரும் நாயுடுவே.

ஒரு பேருந்து பலவாகப் பெருகியது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் அவருடைய நிறுவனம் 1933ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ 280 பேருந்துகளைக் கொண்டிருந்தது. பேருந்துகளைப் பழுதுபார்ப்பதற்காக அவர் அமைத்த பட்டறைகளில் இளைஞர்கள் பலர் தொழில் கற்றனர். அப்பட்டறைகளே அவருடைய அடுத்த முயற்சிக்கு அடித்தளமாயின.

கிணறும் மின்சாரமும்

கோயம்புத்தூர் வட்டாரம் மழை குறைந்த பகுதி. அங்குள்ள உழவர்கள் ஆழமான கிணறுகளையே நம்பி வாழ்ந்தனர். கிணற்றுநீரை இறைக்கக் கவலை ஏற்றத்தைப் பயன்படுத்தினர். சரிவான பாதையில் இரண்டு மாடுகள் முன்னும் பின்னுமாக நடக்க, கயிற்றில் கட்டிய சால் கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவரும். விடிவதற்கு முன்பே தொடங்கும் இவ்வேலையில் மாடும் மனிதரும் ஒருசேரக் களைத்துப் போயினர். அவ்வாறு உழைத்தும் சிறிதளவு நிலத்திற்கே நீர் பாய்ச்ச முடிந்தது.

1932ஆம் ஆண்டில் நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் மலையிலிருந்து இறங்கிக் கோயம்புத்தூரை அடைந்தது. நூற்பாலைகள் பெருகின. கிணற்றடிக்கும் மின்கம்பிகள் வந்தன. ஆனால், மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டியிருந்தது. அதன் விலை எளிய உழவருக்கு எட்டாததாக இருந்தது. பழுதுபட்டால் அதைச் சீர்செய்யும் ஆளும் அரிது. மாற்று உறுப்பும் அரிது.

வெளிநாட்டார் செய்யும் மோட்டாரை நம்மால் ஏன் செய்ய முடியாது என்ற கேள்வி நாயுடுவின் உள்ளத்தில் எழுந்தது. பொறியாளர் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அவரும் இணைந்து அம்முயற்சியில் இறங்கினர். 1937ஆம் ஆண்டில், கோயம்புத்தூரின் பீளமேட்டில் அவர்கள் உருவாக்கிய மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுகிறது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் என்னும் புகழ்பெற்ற நிறுவனத்தை உருவாக்கினார். காலப்போக்கில் மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் கோயம்புத்தூரின் தெருக்கள்தோறும் தோன்றின. கவலை ஏற்றங்கள் மெல்ல மெல்ல மறைந்தன.

மோட்டார் எவ்வாறு ஓடத் தொடங்குகிறது?

ஆலைகளிலும் ஆழமான கிணறுகளிலும் இன்று பெரும்பாலும் இயங்குவது மும்முனை மோட்டாராகும். மின்சாரம் மூன்று கம்பிகளில், ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும் அலைகளாக வருவதே மும்முனை மின்சாரம். இவ்வகை மோட்டாரை 1889ஆம் ஆண்டில் உருவாக்கியவர் டொலிவோ டொப்ரொவோல்ஸ்கி என்னும் பொறியாளர். மோட்டாரின் அசையாத வெளிப்பகுதியில் மூன்று தொகுதிச் செம்புச் சுருள்கள் உள்ளன. அவற்றில் மும்முனை மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் வட்டமாகச் சுழல்கிறது. அச்சுழற்சி உள்ளே இருக்கும் உருளையையும் தன்னோடு இழுத்துச் சுழற்றுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் உருளையும் காந்தப்புலமும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்கின்றன. ஆகவே, மோட்டார் அளவான மின்சாரத்தையே எடுத்துக்கொள்கிறது. ஆனால், தொடங்கும் நொடியில் உருளை அசையாமல் நிற்கிறது. காந்தப்புலமோ அதை முழு வேகத்தில் கடந்து செல்கிறது. அதனால் உருளையில் மிகுதியான மின்னோட்டம் தூண்டப்படுகிறது. மோட்டாரும் வழக்கத்தைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. ஓடும்போது 20 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், தொடங்கும் கணத்தில் 120 ஆம்பியர் வரை எடுக்கக்கூடும். நின்றிருக்கும் மாட்டுவண்டியை நகர்த்துவதற்கே மாடு மிகுதியாக முக்குகிறது. உருளத் தொடங்கிய பின் அதே வண்டி எளிதாகச் செல்கிறது. மோட்டாரின் நிலையும் அத்தகையதே.

சிறிய மோட்டாருக்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. அதை நேரடியாகவே மின்சாரத்தோடு இணைத்து ஓட வைக்கலாம். பெரிய மோட்டாரை அவ்வாறு தொடங்கினால் அக்கம்பக்கத்து விளக்குகள் மங்கும். அதே கம்பியில் இணைந்துள்ள பிற இயந்திரங்கள் தடுமாறும். இதைத் தவிர்க்கும் வழிகளுள் ஒன்றுதான் ஸ்டார் டெல்டா இணைப்பு. தொடக்கத்தில் மூன்று சுருள்களின் ஒருபக்க முனைகளும் ஒரே புள்ளியில் இணைக்கப்படுகின்றன. இது ஸ்டார் இணைப்பு. அப்போது 400 வோல்ட்டுக்கு மாறாக ஏறத்தாழ 230 வோல்ட் மட்டுமே ஒவ்வொரு சுருளுக்கும் கிடைக்கிறது. கம்பியில் பாயும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. 120 ஆம்பியர் 40 ஆம்பியர் ஆகிவிடுகிறது. மோட்டார் வேகம் பெற்ற பின், மூன்று சுருள்களும் முக்கோண வடிவில் இணைக்கப்படுகின்றன. இது டெல்டா இணைப்பு. அப்போது ஒவ்வொரு சுருளும் 400 வோல்ட்டை முழுமையாகப் பெறுகிறது. நாம் கேட்ட இரண்டு 'டக்' ஒலிகளுள் முதலாவது ஸ்டார் இணைப்பின் தொடக்கம். இரண்டாவது டெல்டா இணைப்பின் தொடக்கம்.

இம்முறையிலும் ஒரு குறை உண்டு. ஸ்டார் இணைப்பில் மின்னோட்டம் குறைவது போலவே, சுழற்றும் விசையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. எனவே, சுமை குறைவாக இருக்கும்போது தொடங்கும் இயந்திரங்களுக்கே இது பொருந்தும். முழுச் சுமையோடு நிற்கும் பட்டையை இம்முறையால் அசைக்க முடியாமல் போகலாம்.

பெட்டிக்குள் இருக்கும் காவலர்கள்

பெட்டிக்குள் இரண்டு வகையான கம்பிகள் உள்ளன. தடித்த கம்பிகள் மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொண்டு செல்கின்றன. மெல்லிய கம்பிகள் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. பச்சைப் பொத்தானை அழுத்தியதும் மெல்லிய கம்பியின் வழியே மின்சாரம் பாய்ந்து, கான்டாக்டர் என்னும் கருவியில் உள்ள சுருளை மின்காந்தமாக்குகிறது. அக்காந்தம் இழுத்ததும் தடித்த கம்பிகளின் இணைப்புகள் மூடிக்கொள்கின்றன. அதே வேளையில், பச்சைப் பொத்தானுக்கு இணையாக இருக்கும் ஒரு சிறிய இணைப்பும் மூடிக்கொள்கிறது. இதனால், பொத்தானிலிருந்து விரலை எடுத்த பின்னும் மோட்டார் தொடர்ந்து ஓடுகிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மெல்லிய கம்பியின் மின்சாரம் தடைபடுகிறது; காந்தம் தன் ஆற்றலை இழக்கிறது; மோட்டார் நின்றுவிடுகிறது.

இவ்வமைப்பில் அரிய பாதுகாப்பு ஒன்று அடங்கியுள்ளது. திடீரென மின்சாரம் நின்றுபோனால் காந்தமும் விடுபட்டுவிடும். மின்சாரம் மீண்டும் வந்தாலும் மோட்டார் தானாக ஓடத் தொடங்காது. ஒருவர் மறுபடியும் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். சிக்கிக்கொண்ட பொருளை எடுக்க இயந்திரத்தினுள் கை நீட்டியிருக்கும் தொழிலாளரின் கையை இச்சிறிய இணைப்பு காப்பாற்றக்கூடும். ஆயினும், அதை மட்டுமே நம்பிக் கை நீட்டுதல் தவறு. முதன்மை விசையை அணைத்துப் பூட்டிய பிறகே இயந்திரத்தைத் தொட வேண்டும்.

ஓவர்லோட் ரிலே மற்றொரு காவலர். அதனுள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டைகள் உள்ளன. மோட்டார் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை நெடுநேரம் எடுத்தால் அப்பட்டைகள் சூடேறி வளைகின்றன. வளைந்ததும் மெல்லிய கம்பியின் இணைப்பு அறுந்து மோட்டார் நிற்கிறது. மூன்று கம்பிகளுள் ஒன்றில் மட்டும் மின்சாரம் வராமல் போனால், மற்ற இரண்டிலும் மின்னோட்டம் மிகுந்து சுருள்கள் எரிந்துபோகும். அத்தகைய வேளையிலும் இக்காவலர் மோட்டாரைக் காக்கிறது. ஸ்டார் டெல்டா பெட்டியில் மூன்று கான்டாக்டர்கள் இருக்கும். ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால் மின்கசிவைவிடக் கொடிய குறுக்குச்சுற்று உண்டாகும். ஆகவே, ஒன்று மூடியிருக்கும்போது மற்றொன்று மூடாதவாறு கம்பிகள் இணைக்கப்பட்டிருக்கும்.

இவற்றை எல்லாம் நூலில் படிப்பது ஒரு நிலை. தம் கையால் இணைத்து, தவறு செய்து, திருத்தி அறிவது மற்றொரு நிலை. இரண்டாம் நிலையை அடையாத படிப்பு முழுமையடையாது என்பதே நாயுடுவின் உறுதியான எண்ணம்.

கல்லூரியும் கருத்து வேறுபாடும்

நாயுடு தம் செல்வத்தில் பெரும்பகுதியைக் கல்விக்கும் அறப்பணிக்கும் வழங்கினார். அவருடைய நன்கொடையால் 1945ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அன்றைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரே அவற்றுக்குச் சூட்டப்பட்டது. பள்ளிக் கல்வியை முடிக்காத நாயுடு, அக்கல்லூரியின் முதல்வராக விளங்கினார்.

பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை என்று அவர் கருதினார். பட்டறையிலேயே பாடம் நடத்தினால், இரண்டே ஆண்டுகளில் நல்ல பொறியாளரை உருவாக்கலாம் என்பது அவர் கொள்கை. அரசு அதை ஏற்கவில்லை. தாம் நம்பாத முறையில் கல்லூரியை நடத்த விரும்பாத நாயுடு, முதல்வர் பதவியிலிருந்து விலகினார். அவர் கருத்தை ஏற்போரும் மறுப்போரும் இன்றும் உள்ளனர். கணிதமும் அறிவியலும் ஆழமாகக் கற்க நாளாகும் என்பது உண்மையே. ஆனால், கருவியைத் தொட்டறியாமல் சான்றிதழ் பெறுவோரால் தொழில் வளராது என்று அவர் எழுப்பிய கவலையும் உண்மையே. அவர் வித்திட்ட பொறியியல் கல்லூரி, இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகத் திகழ்கிறது. அவிநாசி சாலையில் ஒரு பேருந்து நிறுத்தம் இன்றளவும் ஹோப் கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது.

தோல்விகளும் நாயுடுவின் வாழ்வில் இருந்தன. சிறிய மோட்டாரால் இயங்கும் முகச்சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் மின்விசிறி எனப் பல பொருள்களை அவர் உருவாக்கினார். 1952ஆம் ஆண்டில், இருவர் அமர்ந்து செல்லும் மகிழுந்து ஒன்றை 2000 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். ஆனால், அதைத் தயாரிக்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை. எளியோருக்கும் மகிழுந்து என்ற அவருடைய கனவு அத்துடன் நின்றுபோனது. ஆயினும், புதியன செய்யும் ஆர்வம் அவரிடம் குன்றவில்லை.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், தமது 80ஆம் வயதில் ஜி.டி. நாயுடு மறைந்தார். இந்தியாவின் எடிசன் என்று மக்கள் அவரை இன்றும் அழைக்கின்றனர். அவர் உருவாக்கிய பொருள்களும் சேகரித்த இயந்திரங்களும் கோயம்புத்தூரில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன.

நாம் பெறும் பாடம்

இன்று மோட்டாரைத் தொடங்கும் முறைகள் மேலும் வளர்ந்துள்ளன. மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தும் சாஃப்ட் ஸ்டார்ட்டரும், வேகத்தையே விரும்பியவாறு மாற்றும் இன்வெர்ட்டரும் நம் தொழிற்சாலைகளில் பயன்படுகின்றன. எனினும், அவற்றைப் பொருத்தவும் பழுது நீக்கவும் தேர்ந்த கைகள் வேண்டும். நம் நாட்டின் தொழிற்கல்லூரிகளில் மாணவர்கள் மின்பலகையின் முன் நின்று, கான்டாக்டர்களையும் பொத்தான்களையும் தம் கையால் இணைத்துப் பழகுகின்றனர். தேர்வில் குறைந்த புள்ளிகள் பெற்றோர் செல்லும் வழி அது என்று எண்ணுவோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். உணவகத்தில் பரிமாறிச் சேர்த்த பணத்தில் ஒரு வண்டியை வாங்கி, அதைக் கழற்றிப் பார்த்த ஓர் இளைஞர் ஒரு நகரத்தின் தொழிலையே மாற்றியமைத்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை சுவரில் உள்ள இரும்புப் பெட்டியிலிருந்து இரண்டு 'டக்' ஒலிகளைக் கேட்டால், அவற்றுக்கு இடையில் நிகழ்வதை நாம் சொல்லிவிடலாம். அதோடு நின்றுவிடாமல், நாம் நாள்தோறும் பயன்படுத்தும் வேறொரு கருவியைக் குறித்தும் அதே கேள்வியைக் கேட்போமானால், அதுவே ஜி.டி. நாயுடுவுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.